ஓம் ஒன்றுதான், சூடு வேறு

கான்தல் கம்பியை நாங்கள் கிலோக் கணக்கில் வாங்குவோம். பெங்களூர் பீன்யாவில் ஹீட்டர் எலிமென்ட் சுற்றும் எந்தப் பட்டறையிலும் அப்படித்தான். ரீலோடு தராசில் வைத்து எடை போட்டுத்தான் பில். சில வருடங்களாக எஸ்.பி. ரோட்டில் நான் கம்பி எடுக்கிற கடைக்கு வேறு மாதிரி ஆட்கள் வருகிறார்கள். முதுகில் லேப்டாப் பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கேட்பது ஐந்து மீட்டர் கம்பி. கடைக்காரர் “எஷ்டு மீட்டர் பேக்கு?” (எத்தனை மீட்டர் வேணும்?) என்று கன்னடத்தில் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஐந்து மீட்டரை வைத்துக்கொண்டு எங்கள் தொழிலில் யாரும் எதுவும் செய்வதில்லை. வேப் காயில், அதாவது இ-சிகரெட்டுக்குள் ஜூஸைச் சூடாக்கும் கம்பிச் சுருள், சுற்றினால் அறுபது எழுபது தேறும்.

என் அக்கா மகனும் இந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். ஸ்ரீராம்புரத்தில் வீடு, எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் வேலை. கல்லூரியில் சிகரெட் பழகி, சம்பளம் வந்தபின் வேப்புக்கு மாறினவன். “மாமா, நீங்க கம்பியிலயே வளந்தவரு. கான்தல் சேஃபா, நிக்ரோம் சேஃபா, ஸ்டீல் சேஃபா? எத்தனை வாட்டுல வெச்சா சேஃப்?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டான். அவன் நண்பர்கள் நாலைந்து பேர் போன் ஸ்பீக்கரில் வேறு. அன்று சொன்னதையும் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். என் அக்கா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்நாடகம் 2016லேயே இ-சிகரெட்டைத் தடை செய்துவிட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தாலே ஆறு மாதம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். இதெல்லாம் இருந்தும் இந்த ஊரில் வேப் கிடைக்காத ஏரியா இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் தடைக்கு ஒரு பக்க விளைவு உண்டு, அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு இஸ்திரிப்பெட்டிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். வேப்புக்கு அப்படிப் பார்க்க எதுவும் இல்லை. பெட்டியில் என்ன கம்பி என்று அச்சடித்திருக்கிறதோ அதை நம்புவதைத் தவிர வழி கிடையாது.

சரி, கம்பிக்கு வருவோம்.

பெங்களூரில் மார்கழி வந்தால் வீட்டுக்கு வீடு பக்கெட்டில் ஹீட்டர் ராடு தொங்கும். 1,500 வாட் ராடு தண்ணீருக்குள் இருக்கும்வரை அதன் மேல்தோல் நூறு டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஸ்விட்சை அணைக்காமல் ராடை வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் சிவக்கும், அப்புறம் போய்விடும். கம்பி அதேதான், கரண்ட் அதேதான், வாட்டும் அதேதான். சூட்டை வாங்கிக்கொண்டு போகத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். வேப் காயிலின் கதை முழுக்க இதுதான். தண்ணீருக்குப் பதில் அங்கே பஞ்சுத் திரியில் ஊறிய ஜூஸ்.

அந்த ஜூஸில் பெரும்பங்கு இரண்டு பொருள்: புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின். முதலாவது 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், இரண்டாவது 290இல். காயில் நனைந்திருக்கும்வரை அதன் சூடு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும், ஏனென்றால் கூடுதல் சூடெல்லாம் ஆவியாக்குவதில் செலவாகிவிடுகிறது. திரி காய்ந்தால் அந்தத் தடுப்பு போய்விட்டது. பஞ்சு கருகும், கிளிசரின் உடைந்து அக்ரோலின் ஆகும், கூடவே ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும். அடுப்பில் எண்ணெய் கருகும்போது கண் எரிகிறதே, அதற்கும் காரணம் இந்த அக்ரோலின்தான். வேப் பிடிக்கிறவர்கள் ‘ட்ரை ஹிட்’ என்று சொல்லி முகம் சுளிப்பது இந்த இழுப்பைத்தான்.

ஆக, கான்தலா நிக்ரோமா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு பரப்பிலிருந்து எவ்வளவு வாட் வெளியே வருகிறது? எங்கள் தொழிலில் எதை எடுத்தாலும் முதலில் போடும் கணக்கு அதுதான். தண்ணீர் ராடுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழெட்டு வாட் என்று வைப்போம். காற்றில் நிற்கிற எலிமென்டுக்கு அதைவிட நன்றாகக் குறைப்போம். இந்தக் கணக்கை அவனுடைய காயிலுக்குப் போட்டுப் பார்த்தேன்.

0.4 மி.மீ. தடிமனுள்ள கம்பி, 0.5 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) காயில், 15 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்தல் ஏ-1 கம்பிக்குத் தடை அதிகம். 0.5 ஓம் வர 43 மி.மீ. நீளம் போதும். குட்டையான கம்பி, அதனால் மேற்பரப்பும் கொஞ்சம். சதுர சென்டிமீட்டருக்கு 27 வாட்டுக்கு மேல் விழுகிறது. நிக்ரோம் 80க்குத் தடை கொஞ்சம் குறைவு, 58 மி.மீ. வேண்டும், 21 வாட் விழும். 316எல் ஸ்டீலுக்கு 84 மி.மீ. கேட்கும், 14 வாட்தான் விழும். பெட்டியில் மூன்றுக்குமே ‘0.5 ஓம், 15 வாட்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். ஓம் ஒன்று, வாட் ஒன்று, ஆனால் கம்பியின் தோலில் படும் சூடு கான்தலுக்கும் ஸ்டீலுக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

தண்ணீர் ராடுக்கு ஏழெட்டு, இதற்கு 27 என்றதும் எனக்கே ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ராடு அரை மணி நேரம் ஓடும், காயில் மூன்று நான்கு விநாடிதான் ஓடும். அதுவும் ஜூஸ் ஆவியாகும்போது ஏராளமான சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் தாங்குகிறது. அதே கான்தல் காயிலில் 40 வாட் விட்டால் 73க்கு மேல் போகும். திரியால் அந்த வேகத்துக்கு ஜூஸை ஊட்ட முடியாது. பெரிய வாட் போடுகிறவர்கள் தடித்த கம்பியோ, இரட்டைக் காயிலோ, மெஷ் என்று சொல்லும் வலைத்தகடோ வைப்பது இதற்காகத்தான்; பரப்பைக் கூட்டுகிறார்கள். பாட் என்கிற சின்னக் கருவியின் காயிலில் பெரிய வாட் விடுவது முட்டாள்தனம், எந்தக் கம்பியாக இருந்தாலும்.

இப்போது கம்பிகளின் குணத்தைப் பார்க்கலாம்.

நிக்ரோம் பழைய சரக்கு. அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் 1906இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ரொட்டி சுடும் டோஸ்டரிலிருந்து எங்கள் இஸ்திரிப்பெட்டி வரைக்கும் வந்ததெல்லாம் அதன் தயவு. எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். சூடானதும் மேலே குரோமியம் ஆக்ஸைடு படலம் கட்டும், அதுதான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். 1,200 டிகிரி வரை ஓட்டலாம் என்பது காற்றில், உலையில் ஓட்டுவதற்கான கணக்கு. கான்தல் சுவீடன் சரக்கு. அதில் நிக்கல் கிடையாது. இரும்பு, 22 சதவீதம் குரோமியம், 5.8 சதவீதம் அலுமினியம். மேலே கட்டும் படலம் அலுமினியம் ஆக்ஸைடு, நிக்ரோமின் படலத்தைவிடக் கெட்டி. 1,400 டிகிரி வரை தாங்கும். உலைக்குப் போகும் கான்தல் எலிமென்டை முதலில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வெறுமனே ஓட்டி அந்தப் படலத்தை நன்றாகக் கட்டவிடுவோம். அப்படி ஒரு நிதானம் வேப் காயிலுக்கு யார் தருகிறார்கள்?

கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிற ஆட்கள் நம் வீடுகளில் நிறைய. பெரும்பாலும் அது நிக்கல் ஒவ்வாமை. அப்படிப்பட்டவர் எண்பது சதவீதம் நிக்கல் உள்ள கம்பியில் சூடேறின ஆவியை நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை. அவர்களுக்கு நிக்ரோம் வேண்டாம் என்பேன். ஸ்டீலிலும் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. அந்த ஒரு கணக்கில் கான்தல்தான் மேல்.

சுத்த நிக்கல் கம்பியும் டைட்டானியம் கம்பியும் வேப் உலகத்தில் ஒரு காலத்தில் பெரிய பேஷன். இரண்டையும் வாட் மோடில், அதாவது சூட்டை அளக்காமல் வெறும் பவர் கொடுத்து ஓட்டவே கூடாது. டைட்டானியத்தைச் சிவக்க வைத்தால் மேலே வெள்ளையாக ஆக்ஸைடு பூக்கும், உதிரும், பொடிப் பொடியாக. அதை யாராவது மூச்சில் இழுப்பார்களா? சுத்த நிக்கல் கம்பி மெத்தென்று இருக்கும், தடை மிகக் குறைவு, கொஞ்சம் அசந்தால் சூடு எகிறிவிடும். என் கருத்தில் இரண்டுமே தேவையில்லாத வேலை.

மிச்சம் இருப்பது ஸ்டீல். அக்கா மகன் மனதுக்குள் தீர்மானித்துவிட்டு வந்தது ஸ்டீலைத்தான். “டெம்பரேச்சர் கன்ட்ரோல் இருக்கு மாமா, 220ல வெச்சா அதுக்கு மேல போகாது” என்றான். விஷயம் உண்மை, ஆனால் பாதி உண்மை.

சில உலோகங்களுக்குச் சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். கருவிக்குள் இருக்கும் சிப் அந்தத் தடையை விடாமல் அளந்து, இத்தனை ஓம் என்றால் இத்தனை டிகிரி என்று கணக்குப் போட்டு கரண்டைக் குறைக்கிறது. கான்தலுக்குத் தடை கிட்டத்தட்ட அசையாது, ஆயிரம் டிகிரி போனாலும் ஏறுவது நான்கு சதவீதம் அளவுதான். எங்களுக்கு அது வரம், சிப்புக்கு அது குருட்டுக் கம்பி. ஸ்டீலில் ஏறும், ஆனால் தாராளமாக ஏறாது. 0.5 ஓம் ஸ்டீல் காயில் 220 டிகிரிக்குப் போகும்போது 0.59 ஓம் ஆகும். அந்த 0.09 ஓமை வைத்துத்தான் சிப் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எங்கள் பட்டறை மல்டிமீட்டரில் இரண்டு முனையையும் ஒட்டிப் பிடித்தாலே அதைவிட அதிகமாகக் காட்டும்.

இன்னொன்று. காயில் ஆறியிருக்கும்போது எத்தனை ஓம் என்பதைக் கருவிக்கு ஒருமுறை சொல்லி ‘லாக்’ செய்ய வேண்டும். இழுத்த சூட்டோடு, ஜூஸும் காயிலும் இருக்கும் டேங்கைக் கழற்றிப் போட்டு லாக் செய்தால், 0.53 ஓமைத்தான் அது ஆறின தடையாக எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து கணக்குப் போட்டால் 220 என்று திரையில் காட்டும்போது கம்பி நிஜத்தில் 300 டிகிரியை ஒட்டி இருக்கும். கிளிசரின் கொதிநிலையைத் தாண்டியாயிற்று. அவனிடம் எப்போது லாக் செய்வாய் என்று கேட்டேன். “புதுசா ஜூஸ் ஊத்துனதும்” என்றான். ஜூஸ் ஊற்றுவது எப்போது? தீர்ந்ததும், அதாவது கடைசி இழுப்பு இழுத்த கையோடு. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது அவன் என்னிடம் பேசியது நல்லதாகப் போயிற்று.

கம்பியிலிருந்து உலோகம் ஆவிக்குள் போகிறதா என்பதுதான் நண்பர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி. போகிறது. 2018இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேரிலாந்தில் தினமும் வேப் பிடிக்கும் 56 பேரின் சொந்தக் கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். பாட்டிலில் இருக்கும் ஜூஸ், டேங்கில் மிஞ்சின ஜூஸ், ஆவி மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். பாட்டிலில் குறைவாக இருந்த ஈயம், குரோமியம், நிக்கல், மாங்கனீஸ் எல்லாம் டேங்கிலும் ஆவியிலும் கூடுதலாக இருந்தன. அதாவது நடுவில் காயில் இருக்கிறது. இதில் என்னை நிறுத்திய விவரம் வேறொன்று: காயிலை அடிக்கடி மாற்றுகிறவர்களின் ஆவியில்தான் உலோகம் அதிகம் இருந்தது. புதுக் கம்பி அதிகம் விடுகிறது என்று அவர்கள் கருதினார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஆக்ஸைடு படலம் கட்டாத புதுக் கம்பி, ஆலையில் கம்பியாக நீட்டும்போது பூசின எண்ணெய்ப் பிசுக்கோடு வருவது. அதற்காகக் கருகின காயிலைப் பல மாதம் வைத்துக்கொள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. சுக்ரலோஸ் போட்ட இனிப்பு ஜூஸ்கள் கம்பியில் கரி மாதிரிப் படிந்துவிடும், அந்தக் கரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இனிப்பு இல்லாத ஜூஸ் என்றால் காயில் வெகுநாள் உழைக்கும், மாற்ற வேண்டிய தடவைகளும் குறையும்.

ஈயம் எங்கிருந்து வந்தது? கான்தலிலும் நிக்ரோமிலும் ஈயம் கிடையாது. இணைப்புகளைப் பாருங்கள். 2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஒரு வகைக் கருவியைப் பிரித்துப் பார்த்தபோது சால்டர் (பற்றாசு) வைத்த இடத்திலிருந்து தகரத் துகள்கள் ஆவிக்குள் வந்தது தெரிந்தது. 2025இல் அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்காரர்கள் தூக்கி எறியும் டிஸ்போசபிள்களைச் சோதித்தார்கள். சிலவற்றில் ஈயம் கலந்த வெண்கலப் பாகங்களிலிருந்து ஜூஸுக்குள் ஈயம் கரைந்திருந்தது. எங்கள் தொழிலில் எலிமென்ட் முனையில் சால்டர் வைப்பவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஸ்பாட் வெல்டிங், இல்லையென்றால் நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப். வேப்பில் ‘இது என்ன கம்பி’ என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், ‘முனையில் என்ன உலோகம்’ என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை.

இனி வாட். இதில் நான் சொல்வது எளிது. காயில்மேல் ‘12 முதல் 18 வாட்’ என்று போட்டிருந்தால் 12இல் ஆரம்பி. புதுக் காயிலில் ஜூஸ் விட்டபின் பத்து நிமிடம் அப்படியே வை, பஞ்சின் நடுப்பகுதிவரை ஊற வேண்டும். போதவில்லை என்றால் ஒவ்வொரு வாட்டாக ஏற்று. ருசி சப்பென்று இருந்தால் ஏற்றலாம், தொண்டையைப் பிடித்தால் இறக்க வேண்டும். கருகல் வாசம் ஒருமுறை வந்துவிட்டால் அந்தக் காயில் முடிந்தது. வாட்டைக் குறைத்துப் பார்ப்போம் என்பதெல்லாம் கருகின பஞ்சை உயிர்ப்பிக்காது. அச்சிட்டிருக்கும் மேல் எண் நன்றாக நனைந்த திரிக்கான எண். விடாமல் அடுத்தடுத்து இழுக்கிறவனுக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே திரி நனைய அரை நிமிடமாவது விட வேண்டும். குளிரில் கிளிசரின் கெட்டியாகும். டிசம்பர் காலையில் மொட்டை மாடியில் நின்று இழுக்கும்போது கருகுவதற்கு அது ஒரு காரணம்.

2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தது. 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு தென்படவில்லை, 5 வோல்ட்டில் ஏராளமாக வந்தது என்று. ‘வேப்பில் சிகரெட்டைவிட அதிகம்’ என்று செய்தித்தாள்கள் ஓடின. அதே ஆண்டு வேறு ஆய்வாளர்கள், அந்தச் சூட்டில் எந்த மனிதனும் இழுக்கவே முடியாது, முதல் இழுப்பிலேயே கருகல் தெரிந்துவிடும் என்று காட்டினார்கள். வேப் பிடிக்கும் பையன்கள் இரண்டாவதை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் இரண்டையும் ஒன்றாகத்தான் படிக்கிறேன். அதே கருவி, அதே ஜூஸ், பவரை ஏற்றினதும் வேறு ரசாயனம் வருகிறது. கடும் மெந்தால், ஐஸ் வகை ஜூஸில் லேசான கருகல் நாக்குக்குத் தெரியாமலும் போகலாம்.

நிகோடின் அளவையும் வாட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இங்கே கள்ளத்தனமாக வரும் சால்ட் நிகோடின் ஜூஸ்களில் 5 சதவீதம், அதாவது மில்லிக்கு 50 மில்லிகிராம் என்பது சாதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உச்சவரம்பே 20தான். அந்த 50ஐச் சின்ன பாட் கருவியில் 10, 12 வாட்டில் இழுப்பதற்காகச் செய்கிறார்கள். அதையே 60 வாட் டேங்கில் ஊற்றினால் தலை சுற்றும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். அக்கா மகனின் நண்பன் ஒருவன் அப்படி ஊற்றிவிட்டு கப்பன் பார்க் பெஞ்சில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தானாம். சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தானே காயில் சுற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு, இதை வெளிநாட்டு வீடியோ யாரும் சொல்ல மாட்டார்கள். வீடியோவில் 26 கேஜ் என்றால் அது அமெரிக்கக் கேஜ், 0.405 மி.மீ. எஸ்.பி. ரோட்டில் 26 கேஜ் என்று கேட்டால் எங்களுக்குப் பழக்கமான பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 0.457 மி.மீ. கம்பியைத் தருவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வீடியோவைப் பார்த்து அதே சுற்று சுற்றினால் 0.5 ஓம் வர வேண்டிய காயில் 0.39 ஓம்தான் வரும். முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும் செல்லில் நேராகப் போட்டால் 35 வாட் எதிர்பார்த்த இடத்தில் 45 வாட். சிப் உள்ள கருவி என்றால் ஓமை அளந்து சமாளிக்கும். சிப்பே இல்லாத மெக்கானிக்கல் மாட் என்றால் சமாளிக்க ஒன்றும் இல்லை. 0.15 ஓம் காயில் போட்டு 28 ஆம்பியர் இழுக்கிறவர்களும் உண்டு. 18650 எனும் உருளை பேட்டரி செல்களில் நல்லவையே பெரும்பாலும் தொடர்ந்து 20 ஆம்பியரை ஒட்டித்தான் தரும். நம் கடைகளில் ‘9900’ என்று அச்சடித்துத் தொங்கும் செல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த அளவு செல்லில் 3,500 மில்லி ஆம்பியர் மணியைச் சற்றுத் தாண்டுவதே பெரிய விஷயம். எண்ணிலேயே பொய் சொல்கிறவன் ஆம்பியரில் மட்டும் உண்மை சொல்லப்போகிறானா? கருவி வெடித்து 2018இல் புளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். செல்லின் பிளாஸ்டிக் உறை லேசாகக் கிழிந்திருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. சாவிக்கொத்து இருக்கும் பையில் தனிச் செல்லைப் போடவே கூடாது.

அமெரிக்காவில் 2019இல் வேப் பிடித்து நுரையீரல் போய் ஆட்கள் இறந்தார்களே, அது காயிலாலா என்று ஒருவன் கேட்டான். இல்லை. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் 68 பேர். அதில் முக்கியக் காரணமாகக் கண்டுபிடித்தது கஞ்சாச் சாறு ஜூஸில் கலந்த வைட்டமின் இ அசிடேட். கம்பியைக் குறை சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஆனால் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது என்ற நிலைமை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016இல், வேப்பின் நீண்டகாலத் தீங்கு சிகரெட்டின் தீங்கில் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்று எழுதியது. அக்கா மகன் போனில் அதைச் சேமித்து வைத்திருக்கிறான். அந்த வாக்கியம் சிகரெட் பிடிக்கிற ஒருவர், சட்டப்படி சோதித்த சரக்குக்கு மாறுவதைப் பற்றியது. பான் கடைக்காரர் பலகைக்கு அடியிலிருந்து எடுத்துத் தரும், உள்ளே என்ன வெண்கலம் இருக்கிறதென்று தெரியாத டிஸ்போசபிளுக்கு அதை நான் பொருத்த மாட்டேன். சிகரெட்டே தொடாமல் மாம்பழ வாசத்துக்காக ஆரம்பித்த அவன் டீம் பையன்களுக்கு நிச்சயமாகப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனமும் இது தீங்கானது என்றுதான் சொல்கிறது.

எனவே கேட்டவனுக்கு நான் சொன்னது இதுதான். நிறுத்தும்வரை பிடிக்கத்தான் போகிறாய் என்றால், டிஸ்போசபிள் வேண்டாம். ஒரு ஓமுக்கு மேல் உள்ள பெரிய தடைக் காயில், கான்தல், குறைந்த வாட், இனிப்பில்லாத ஜூஸ். சூட்டைக் கட்டுப்படுத்துகிறேன் என்று ஸ்டீல் போட்டால் ஆறின காயிலில் மட்டும் லாக். கம்பியைக் காய வைத்துச் சிவக்க விட்டு ‘சுத்தம்’ செய்யும் வேலை வேண்டவே வேண்டாம். “அப்ப சேஃப்னு எதுவுமே இல்லையா மாமா?” என்றான். ஹீட்டர் கம்பிக்குத் தரம் வைத்தவர்கள் யாரும் அதன் ஆவியை மனிதன் உள்ளே இழுப்பான் என்று நினைத்துத் தரம் வைக்கவில்லை என்றேன்.

நிறுத்துவதற்கும் அவனே வழி கேட்டான், நான் போதிக்கவில்லை. சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் புகையிலை உதவி எண்தான். தெற்கு மாநிலங்களுக்கு இங்கே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்தே பேசுகிறார்கள், தமிழிலும் பேசலாம். 2 மில்லிகிராம் நிகோடின் கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. இப்போது அதில்தான் இருக்கிறான், விக்கல் வருகிறது என்று புலம்பல். சூயிங்கம் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கல் வரத்தான் செய்யும். காரம் தெரியும்வரை மென்று, அப்புறம் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கினதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்த வாயில் நிகோடின் சரியாக ஏறாது, கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டுப் பையன், ஒரு நாளைக்கு நாலு காபி. காபியை விடுவதா கம்மை விடுவதா என்று கேட்கிறான். கடிகாரத்தைப் பார்த்து ரெண்டையும் போடு என்று சொல்லியிருக்கிறேன்.